அவர் சொன்ன 'கட்டு'

ஜூன் 2, திங்கள்

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் இன்று முதல்முறையாக வீட்டுக்கு வந்தாள். பெயர் பெனிட்டா. என் மகள் மதியைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். உள்ளே வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி என் வீட்டுக்காரர் மடியில் வைத்து, "வணக்கம் சார், இதக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க" என்றாள். பக்கவாதம் வந்த நாளிலிருந்து இவரிடம் யாரும் எதையும் பிடித்துக்கொள்ளச் சொன்னதில்லை. இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

நாம் பேசுவது எல்லாம் அவருக்குப் புரிகிறதாம். சொற்கள்தான் வெளியே வர மறுக்கின்றன. வருவது ஒன்றே ஒன்று: "கட்டு."

"ஏம்மா, அந்த ஒண்ணு மட்டும் எப்படி வருது?"

"சில பேருக்கு அப்படி ஒரு வார்த்தை தங்கிடும் ஆன்ட்டி. ஏன் அதுன்னு சொல்ல முடியாது. சார் என்ன வேலை பார்த்தாரு?"

"கட்டட காண்ட்ராக்ட்."

பெனிட்டா சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் போயிற்று. ஆனாலும் அது அவருடைய பழைய சிரிப்புதான்.

அவர் எப்போது சொல்கிறார், எதற்காகச் சொல்கிறார் என்று தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறாள். "அவசரப்பட்டு நீங்களா ஒரு அர்த்தம் வெச்சிடாதீங்க ஆன்ட்டி" என்று வாசலில் நின்று இன்னொரு முறை சொன்னாள். பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தில் வருடக்கணக்காகப் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டுகிறவள் நான். ஒரு பாட்டில், ஒரு லேபிள். ஒற்றைச் சொல்லைக் கவனித்துக்கொள்வதா எனக்குக் கஷ்டம்?

இன்றைய பதிவு: சாயங்காலம் "கட்டு" என்றார். வேட்டி நழுவியிருந்தது. கட்டிவிட்டேன். தீர்ந்தது.

ஜூன் 3, செவ்வாய்

தீரவில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது "கட்டு" என்றார். வேட்டியைப் பார்த்தேன், சரியாக இருந்தது. கழுத்தில் துண்டைக் கட்டினேன், பிடுங்கி எறிந்தார். ஜன்னல் திரையை இழுத்துக் கட்டினேன். தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் தட்டைத் தூக்கி என் மூக்குக்கு நேராக நீட்டினார். ரசம்!

ஆஸ்பத்திரியில் இருந்து வந்த நாள் முதலாய், லேசாக இருக்கட்டும் என்று வெறும் புளித்தண்ணீரில் மிளகு தட்டிப் போட்டு ஊற்றிக்கொண்டிருக்கிறேன். மனிதர் பருப்பு வெந்த தண்ணீரை, அந்தப் பருப்புக் கட்டை, ஊற்றி வைத்த ரசம் கேட்கிறார். இரவுக்கு வைத்துக் கொடுத்தேன். இரண்டு முறை வாங்கிக் குடித்தார். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது. மிளகுக் காரம்.

ஜூன் 5, வியாழன்

ஆரோக்கியம் மேஸ்திரி பார்க்க வந்தார். இவரிடம் ரொம்ப காலமாக வேலை செய்கிறவர். கட்டிலுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார். எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை. தில்லை நகர் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் பாதியில் நிற்கிறது, வடக்கு மூலையை என்ன செய்வது என்று கேட்டார். இவர் அவரை மேலும் கீழும் பார்த்து, "கட்டு" என்றார்.

"சரிங்கண்ணே!" ஆரோக்கியத்துக்குக் குரல் உடைந்துவிட்டது. "கேட்டீங்களாக்கா? படுத்த படுக்கையிலயும் சைட்டு ஞாபகம்தான் அண்ணனுக்கு."

இவர் திரும்பவும் "கட்டு, கட்டு" என்றார். "இன்னைக்கே கட்டிடறேண்ணே" என்று சொல்லிவிட்டு அவர் ஓடினார்.

ஜூன் 6, வெள்ளி

தில்லை நகர்க்காரர் போனில் கத்தினார். வடக்கு மூலையில் சின்ன கேட் வர வேண்டுமாம். அங்கே இப்போது என் உயரத்துக்குச் சுவர் நிற்கிறதாம்.

ஆரோக்கியம் மறுபடி வந்தபோதுதான் பார்த்தேன். அவருடைய வலது காலில் ஒரு கட்டு, ஆணி குத்திய புண். துணி அவிழ்ந்து தரையில் இழுபட்டது. இவர் அந்தக் காலைக் காட்டி மறுபடியும் சொன்னார். மேஸ்திரி காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். மூன்று பேரும் சிரித்தோம். சுவரை இடித்தாகிவிட்டது.

ஜூன் 8, ஞாயிறு

மதி ஓசூரில் இருந்து வந்திருந்தாள். மருந்துக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. இப்போது அவளுக்குக் கீழே ஆறு பேர் இருக்கிறார்கள். அப்பாவிடம் அதைச் சொன்னபோது, இடது கையால் அவள் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

பெனிட்டா கொடுத்த இரண்டு அட்டைகளை வைத்து மதி அவரோடு பழகினாள். ஒன்றில் 'ஆமாம்', இன்னொன்றில் 'இல்லை'. "நீங்க ஒரு பொம்பளையாப்பா?" என்று கேட்டாள். 'ஆமாம்' அட்டையை எடுத்தார். பிறகு தானே பதறி மாற்றினார். இன்னும் குழப்பம் இருக்கிறது, போகப்போகச் சரியாகும் என்று பெனிட்டா சொல்லியிருக்கிறாள்.

சாயங்காலம் "கட்டு" என்றார். நான் வேட்டியை நோக்கிப் போனேன். மதி நேராக அலமாரிக்குப் போய்ச் சீட்டுக்கட்டை எடுத்து வந்தாள். எப்படிடி தெரிந்தது என்று கேட்டேன். "கேட்டேன்மா. கண்ணாலயே அலமாரிய காட்டினாரு" என்றாள். இடது கையால் ஆடியே அவளைத் தோற்கடித்தார்.

போகும்போது, "அடுத்த வருஷம் கம்பெனியே மேல படிக்க வைக்குதும்மா. அதுவரைக்கும் கல்யாணப் பேச்சு வேணாம்" என்றாள். சரி என்றேன்.

ஜூன் 12, வியாழன்

பவளம் அண்ணி இன்றும் வந்தார். இவருடைய கூடப்பிறந்த அக்கா. தெருமுனை திரும்பும்போதே அவர் குரல் வீட்டுக்குள் வந்துவிடும். இவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் என்னை வீட்டுக்குத் துரத்திவிட்டுத் தரையில் துண்டு விரித்துப் படுத்தவர் அண்ணிதான். டாக்டரையே "என்னப்பா, நாடி பார்க்காம போற?" என்று மிரட்டியவர். எனக்குச் சோறு இறங்கவில்லை என்று ஊட்டிக்கூட விட்டார்.

இவர் "கட்டு" என்றதும், "அதானே பார்த்தேன்" என்று மடியில் இருந்து மந்திரித்த கயிற்றை எடுத்து மணிக்கட்டில் கட்டினார். இவர் கேட்டது வேறு என்னவோ. ஆனால் அண்ணிக்கு முன்னால் பேசாமல் கையை நீட்டினார். பேச்சு இருந்த காலத்திலும் இப்படித்தான் நீட்டுவார்.

ஜூன் 15, ஞாயிறு

அண்ணி மகன் சிவநேசன் மாமாவைப் பார்க்க வந்தான். ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். நல்ல பையன். வந்தால் ஃபேனுக்கு எண்ணெய் போடாமல் போக மாட்டான். ஸ்டூலில் ஏறி அதைத்தான் செய்துகொண்டிருந்தான். சுவரில் அவன் தலைக்கு நேரே மதியின் பட்டமளிப்புப் படம்.

இவர் அந்தப் பக்கம் பார்த்து, "கட்டு" என்றார்.

அண்ணி எழுந்து நின்றுவிட்டார். "இந்திராணி! கேட்டியா? தம்பி வாயால சொல்லிடுச்சு. சிவாவப் பார்க்குது, மதி படத்தப் பார்க்குது, கட்டுங்குது. இதுக்கு மேல என்ன வேணும்? முறையும் இருக்கு, மனசும் இருக்கு."

ஸ்டூலில் நின்ற சிவநேசன், "அம்மா, ஃபேன் ஆடுது, கம்பி போட்டுக் கட்டச் சொல்றாருன்னு நினைக்கிறேன்" என்றான்.

"நீ சும்மா இருடா. உனக்கு வெக்கம்."

நான் அடுக்களைக்கு எழுந்து போனேன். அடுப்பில் பால் இருந்தது.

ஜூன் 16, திங்கள்

மதியிடம் போனில் சொன்னேன்.

"நீ என்னம்மா சொன்ன?"

"பால் பொங்கிடுச்சு. அதப் பார்க்கப் போயிட்டேன்."

"அத்தைகிட்ட நான் சொன்னா, சின்னப் பொண்ணு உனக்கென்ன தெரியும்னு வாய அடைச்சிடுவாங்க. நீதாம்மா சொல்லணும். இல்ல அப்பாவையாவது கேளு, அவருக்கு என்ன இஷ்டம்னு."

பார்க்கலாம் என்றேன். அட்டையை வைத்துக் கேட்கலாம்தான். இன்று அவருக்குக் களைப்பு. நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம்.

ஜூன் 17, செவ்வாய்

மழை. துணி காயவில்லை.

ஜூன் 20, வெள்ளி

அரைநாள் பள்ளிக்குப் போய் வந்தேன். ஆய்வகம் தூசியாகக் கிடந்தது. ஒரு பாட்டிலில் லேபிள் உரிந்து போயிருக்கிறது. உள்ளே நிறமில்லாத திரவம். தண்ணீராகவும் இருக்கலாம், அமிலமாகவும் இருக்கலாம். புதிதாக வந்த வேதியியல் டீச்சர், "பார்த்தா ஸ்பிரிட் மாதிரி இருக்கு, அப்படியே எழுதிடுங்களேன்" என்றார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சோதித்துப் பார்க்காமல் லேபிள் ஒட்டுவது என்னிடம் நடக்காது. டீச்சர் அசந்துவிட்டார். எனக்கே கொஞ்சம் கர்வமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தால் அண்ணி தரகர் கொடுத்த ஜாதகக் குறிப்போடு உட்கார்ந்திருந்தார். எட்டுப் பொருத்தமாம். காபி போட்டுக் கொடுத்தேன்.

ஜூன் 25, புதன்

நல்ல செய்தி. அட்டைகள் இப்போது தவறுவதே இல்லை. பெனிட்டா மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தாள். "நீங்க முதலமைச்சரா சார்?" 'இல்லை.' "ஆன்ட்டி நல்லா சமைப்பாங்களா?" கொஞ்சம் யோசித்துவிட்டு 'ஆமாம்.' யோசித்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"இனிமே எது தெரியணும்னாலும் நேரடியாவே கேளுங்க ஆன்ட்டி. சார் சொல்லிடுவாரு."

அவள் போன பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். அவரும் காத்திருந்தார். காபிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டேன். 'ஆமாம்' என்றார். ஆனால் அட்டையைக் கீழே வைக்காமல், இன்னும் ஏதோ வரப்போகிறது என்பதுபோல் என்னையே பார்த்தார். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

ஆடி பிறப்பதற்குள் பூ வைத்துவிட வேண்டும் என்று அண்ணி நாள் குறித்துவிட்டார். ஜூலை 13. "வெறும் பூவுதானே இந்திராணி, கல்யாணத்தத் தையில வெச்சுக்கலாம்" என்றார். நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

ஜூலை 4, வெள்ளி

காலையில் இருந்து "கட்டு, கட்டு" என்று உயிரை எடுத்தார். வேட்டி இல்லை, ரசம் இல்லை, சீட்டு இல்லை. நாள்காட்டியைக் காட்டினார். பிறகு மீட்டர் பெட்டியைக் காட்டினார். கரண்ட் பில்! இன்றுதான் கடைசி நாள். ஓடிப் போய்க் கட்டிவிட்டு வந்தேன். வாயில் இருப்பது ஒரு சொல்தான், ஆனால் வீட்டை இன்னும் அவர்தான் நடத்துகிறார்.

ஜூலை 10, வியாழன்

மதி சனிக்கிழமை வருகிறாள். பட்டுப்புடவை எடுத்து வருவாயா என்று கேட்டேன். "அம்மா, நீ பேசறியா இல்லையா, அத மட்டும் சொல்லு" என்றாள்.

"அண்ணி நமக்கு எவ்வளவு செஞ்சிருக்காங்கடி."

"செஞ்சாங்க. நான் இல்லேங்கல. அதுக்காக?"

சிக்னல் சரியில்லை. வைத்துவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

வரிசையாக எழுத வேண்டும்.

பத்து மணிக்கு வந்தார்கள். அண்ணி, சிவநேசன், உறவில் நான்கு பெண்கள். கூடத்தில் பாய் விரித்துத் தட்டுகளை வைத்தார்கள். வெற்றிலை, பாக்கு, பழம், புடவை, கண்ணாடி வளையல். மல்லிகைப் பந்து வாடிவிடும் என்று தண்ணீர் தெளித்து, கூடையோடு வாசல் நிழலில் வைத்திருந்தார்கள். எல்லோரும் அவரைப் பார்த்தபடி வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தோம். அவர் நாற்காலி மட்டும் வாசலைப் பார்த்து இருந்தது. மதி பருத்திச் சுடிதாரில் உள்ளறைக் கதவோரம் நின்றாள்.

அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நல்ல நேரம் போகுது. அன்னைக்குச் சொன்னத இவங்க முன்னாடி இன்னொரு தடவ சொல்லிடு."

அவர் அண்ணியைப் பார்த்தார். மதியைப் பார்த்தார். வாய் கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது. வேறு ஒரு சொல்லைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. கிடைக்கவில்லை. அதற்குள் சட்டென்று நிமிர்ந்தார். கண் அகலமானது.

"கட்டு!"

"கேட்டுக்கங்க எல்லாரும்!" என்றார் அண்ணி. பெண்கள் முகமெல்லாம் சிரிப்பு.

"கட்டு! கட்டு!" இடது கையை எங்கள் தலைக்கு மேலே வாசலை நோக்கி நீட்டி வீசினார்.

மதி அப்பாவைப் பார்க்கவில்லை. அத்தையையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"அண்ணி, அவரு மூட்டையக் கட்டுங்கறாரு."

யாரோ சொன்னார்கள். சொன்னது நான்தான்.

"என்னடி சொன்ன?"

"தட்டெல்லாம் எடுத்து மூட்டை கட்டிக்கிட்டுக் கெளம்பச் சொல்றாரு." நிறுத்த முடியவில்லை. "மதிக்கு இதுல இஷ்டம் இல்ல அண்ணி. எனக்கும் இல்ல. அவ மேல படிக்கணும். சிவா தங்கமான புள்ள, அவன்மேல ஒரு குத்தமும் இல்ல. ஆஸ்பத்திரில நீங்க இல்லாட்டி நான் என்ன ஆயிருப்பேன்னு எனக்குத் தெரியும். அதுக்கு என்கிட்ட என்ன வேணாலும் கேளுங்க, செய்யறேன். மதிய மட்டும் கேக்காதீங்க."

அண்ணி வாயைத் திறந்தார். நான் பார்த்தவரையில் முதல்முறையாக அந்த வாயில் இருந்து ஒன்றும் வரவில்லை. அந்த அமைதியில்தான் சத்தம் கேட்டது. மொறுக், மொறுக். எல்லோரும் திரும்பினோம்.

எதிர்வீட்டு ஆடு. கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து பூக்கூடைக்குள் தலையை விட்டிருந்தது. தலையை நிமிர்த்தியபோது வாயோரம் ஒரு முழம் மல்லிகை தொங்கியது.

அவர் வாசலைக் காட்டி, மிகவும் நொந்துபோய், "கட்டு" என்றார்.

முதலில் சிரித்தது சிவநேசன். சுவரில் சாய்ந்துகொண்டு, "அம்மா, மாமா ஆட்டக் கட்டச் சொல்லியிருக்காரும்மா!" என்றான். பிறகு மதி. பிறகு அந்த நான்கு பெண்கள். அண்ணி வெற்றிலைத் தட்டைக் கையில் ஓங்கிக்கொண்டு, "சனியனே, என் பூவு!" என்று ஆட்டைத் துரத்தித் தெருவுக்குப் போனார். திரும்பி வந்து என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தட்டுகளைச் சிவநேசன்தான் மூட்டை கட்டினான். "எனக்கும் ஒண்ணும் அவசரமில்ல அத்தை. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அவர்கள் போனதும் அட்டைகளை எடுத்து வந்து அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"ஏங்க, மதிய சிவாவுக்குக் கொடுக்கலாமா?"

நான் கேட்டு முடிப்பதற்குள் 'இல்லை' அட்டையைப் பிடுங்கி மேசையில் அடித்தார். பிறகு என்னைப் பார்த்தார். இதைக் கேட்க இத்தனை நாளா என்று அந்தப் பார்வை கேட்டது. அடுப்பில் பால் இருந்தது. பொங்கட்டும் என்று அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 14, திங்கள்

அடுப்பு மேடை முழுக்கப் பால். தேய்த்துத் தேய்த்துக் கை வலி. மதி பாடிக்கொண்டே பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் நாள். தெருமுனையில் குரல் கேட்டது. அண்ணி தூக்குவாளியில் தேங்காய்ப் பாலோடு வந்து நின்றார். "உன்னப் பார்க்க வரல. என் தம்பியப் பார்க்க வந்தேன்" என்று என்னைத் தாண்டி உள்ளே போனார். அவருக்கு டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றி, சுவரைப் பார்த்துக்கொண்டு நீட்டினார்.

அவர் அண்ணியைப் பார்த்து, "கட்டு" என்றார்.

அண்ணி வழக்கம்போல் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். என்னிடம் திரும்பினார். "என்னவாம்?"

"தெரியல அண்ணி. அவரத்தான் கேக்கணும்."

அண்ணி அட்டைகளை எடுத்துக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்தார். கயிறா? இல்லை. வேட்டியா? இல்லை. ஆடா? அவர் சிரித்துக்கொண்டே இல்லை. சுற்றிச் சுற்றிக் கேட்டதில் கடைசியாகத் தெரிந்தது: வெயிலில் நடந்து வந்ததில் அண்ணியின் கொண்டை அவிழ்ந்து முதுகெல்லாம் பரந்து கிடந்தது. அதை அள்ளிக் கட்டச் சொல்கிறார்.

"இதுக்கா என்ன இந்தப் பாடு படுத்தின?" என்று திட்டிக்கொண்டே முடிந்தார். பிறகு அட்டைகளைக் கீழே வைக்காமல் இருட்டும்வரை அவரைக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். தம்பி இத்தனை விஷயம் வைத்திருக்கும் என்று தனக்குத் தெரியாது என்று போகும்போது என்னிடம் சொன்னார். என்னிடம்தான் சொன்னார்.

ஜூலை 20, ஞாயிறு

காலையில் குளிப்பாட்டி, மதி அனுப்பிய நீலச் சட்டையைப் போட்டுவிட்டேன். தலையை வாரி, பவுடர் போட்டு, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். "அடேயப்பா, புது மாப்பிள்ளைக்குப் பொண்ணு பார்க்கலாம் போலிருக்கே" என்றேன், சும்மா.

அவர் முகம் சிவந்தது. தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

"போ."

இருவரும் திடுக்கிட்டோம். இரண்டாவது சொல்! நான் கத்தியதில் எதிர்வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். பெனிட்டாவுக்குப் போன் செய்தேன். அவளும் அந்தப் பக்கம் கத்தினாள். "சூப்பர் ஆன்ட்டி! எப்ப சொன்னாரு, என்ன அர்த்தத்துல சொன்னாரு, எழுதி வைங்க."

எழுதுகிறேன். காலை ஒன்பது மணி. நீலச் சட்டை. போ.

அர்த்தம் பெனிட்டாவுக்குத் தேவையில்லை.